நன்றி போர்டு

எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போன் போட்டால் முதலில் ஒரு கட்சிப் பாட்டுக் கேட்கும். பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் எடுக்க மாட்டார்கள். முடிந்ததும் ஒரு பெண்குரல் வந்து, நீங்கள் அழைத்தவர் எடுக்கவில்லை என்று தமிழிலும் இங்கிலீசிலும் மரியாதையாகச் சொல்லும். முருகேஸ்வரிக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாகி, கரிமூட்டத்தைச் சுற்றி வரும்போது தன்னை அறியாமலேயே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மதினி, பேசாம அந்தக் கட்சியிலயே சேந்துருங்க. பாட்டுப் பாட ஆளு தேடுறாகளாம்" என்றாள் நாத்தனார் கனகலட்சுமி.

"சேந்தா போனை எடுப்பாகளா?"

"கட்சிக்காரவுக போனையும் எடுக்கிறதில்லையாம். உரக்கடை அண்ணன்தான் சொன்னாரு."

சிரித்தார்கள். ஆனால் ஊர்க் கல்லூரி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் இரண்டு பேருக்குமே இருந்தது. கனகம் மண்வெட்டியால் கரம்பை மண்ணைக் குழைத்துக் கொடுக்க, முருகேஸ்வரி வாரி எடுத்து மூட்டத்தின் வெடிப்புகளில் அப்பினாள். மண்ணைத் தொட்டாலே கை கொதித்தது. மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டால் அது அணைகிற வரைக்கும் ஆள் நகரக்கூடாது. எங்கேயாவது வெடிப்பு விட்டுக் காற்று உள்ளே புகுந்தால், உள்ளே அடுக்கின கட்டை கரியாகாது, சாம்பலாகப் போய்விடும். அத்தனை நாள் முள்ளுக்குள் நின்று வெட்டின வெட்டும் தூர் தோண்டின தோண்டும் வீண். புகை வெள்ளையாக வருகிற வரைக்கும் கட்டையில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு இன்னும் வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது.

ஆவாரங்கூரணி பரளச்சிக்குத் தெற்கே உள்ளடங்கின ஊர். மழையை நம்பின கரிசல். மழை பெய்தால் பருத்தியும் மல்லியும் குதிரைவாலியும் உண்டு. ஏமாற்றிவிட்டால் கரிக்கு வெட்டுகிற வேலிக்கருவைதான் சோறு போடும். இந்தச் சீமைமுள்ளை வேரோடு ஒழிக்க வேண்டும் என்று மைக் வைத்துப் பேசிவிட்டுப் போக அவ்வப்போது யாராவது வருவார்கள். ஊரும் கை தட்டும். அவர்களுடைய கார் போனதும் அரிவாளை எடுத்துக்கொண்டு அதே முள்ளுக்குள் போகும். முருகேஸ்வரியின் புருஷன் ஜெகதீஸ்வரன் கரி லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போனால் திரும்பி வர நாளாகும். மூட்டம் போடுவதும் காப்பதும் இங்கே இருக்கிற மூன்று பேருடைய வேலை. மூன்றாவது ஆள் மாமனார் பொன்னுச்சாமி. கனகம் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கல்லூரி என்றதும் தூணும் வளைவுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு மேற்கே பஞ்சு மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய பருத்திக் கிட்டங்கிதான் ஆவாரங்கூரணி அரசுக் கலைக் கல்லூரி. தகரக் கூரை. நடுவில் பீரோக்களை நிறுத்தி வகுப்புப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் கணக்கு நடத்தினால் மறுபக்கம் தமிழ் வகுப்புக்குக் கேட்கும். முருகேஸ்வரி அங்கே முதல் செட்டு. படித்தது தமிழ், ஆனால் கணக்கும் பாதி தெரியும். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. மழையால் எங்கள் படிப்புக் கெட்டது என்று மட்டும் அந்த ஊரில் எவரும் சொல்ல முடியாது.

சுற்றுப்பட்டி ஊர்ப் பெண்பிள்ளைகள் டிகிரி என்ற சொல்லையே அந்தக் கிட்டங்கிக்குள்தான் கேட்டார்கள். இப்போது கனகம் அதே தகரத்துக்குக் கீழே கணக்குப் படிக்கிறாள். இரண்டாம் வருஷம். வருஷம் பிறந்ததும் ஒரு பேச்சுக் கிளம்பியது. கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. அதனால் நாலுவழிச் சாலைப் பக்கம் தயாராக இருக்கிற புதுக் கட்டடத்துக் கல்லூரியோடு இதைச் சேர்த்துவிடப் போகிறார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் கருவைக் காட்டு வழியே இருட்டில் நடந்துதான் வர வேண்டும்.

பொன்னுச்சாமி படிப்புக்கு விரோதி இல்லை. கனகத்தை முதல் நாள் டி.வி.எஸ்ஸில் உட்கார வைத்துக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, மணி அடிக்கிற வரைக்கும் வேப்பமரத்தடியில் நின்றவர் அவர்தான். ஆனால் தாயில்லாப் பிள்ளையை வளர்த்த மனுஷன். பொழுது இறங்கியும் மகள் வீடு திரும்பவில்லை என்றால் அவருக்குக் கைகால் ஓடாது. அதனால் ஊர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்.

"காலேசு இந்த ஊர்ல இருக்கிறவரைக்கும் என் மக படிப்பா. எவுக வந்து பொண்ணு கேட்டாலும் வாசலோட அனுப்பிருவேன். காலேசு ஊரை விட்டுப் போச்சுன்னா என் பேச்சும் அத்தோட சரி."

கனகத்தின் படிப்பு அந்தத் தகரக் கொட்டகையோடு கட்டப்பட்டது இப்படித்தான்.

முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று உண்டு. தலைவர் உதயகுமார், முருகேஸ்வரியோடு படித்தவன், பரளச்சியில் உரக்கடை. செயலாளர் முகம்மது அனீஸ், இவர்களுக்கு அடுத்த செட்டு. துபாய்க்குப் போய்ச் சலித்து வந்து வீரசோழனில் செல்போன் கடை வைத்திருக்கிறான். விளையாட்டு விழாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுப்பதும், காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் அனுப்பிக்கொள்வதும்தான் அதுவரைக்கும் சங்கத்தின் பணிகள். இந்தப் பேச்சு வந்ததும் சங்கத்துக்கு உயிர் வந்தது. ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கி மனு எழுதிக்கொண்டு, முருகேஸ்வரியும் சேர்ந்து மூன்று பேரும் டவுனுக்கு எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனார்கள்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார். மனுவைப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பாத்துக்கிறேம்மா. நம்ம பிள்ளைக படிக்கிற இடம். விட்டுருவேனா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் உதயகுமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏலே அனீசு, கவனிச்சயா? மத்தவன் மனுவெல்லாம் பி.ஏ. கைக்குப் போச்சு. நம்மளது சட்டைப்பைக்குப் போச்சு."

"சட்டையத் துவைக்கப் போடுறவரைக்கும் அங்கனதாண்ணே இருக்கும்."

"அதுக்குத்தான் சொல்றேன். அவுக வாயால சொல்லிட்டாக, இனி நாம கட்டிப் போடணும். நம்ம பஸ் ஸ்டாப்புல பெருசா ஒரு போர்டு வைப்போம், நன்றின்னு. ஊரே பாத்தப்புறம் இல்லைன்னு சொல்ல முடியுமா?"

முருகேஸ்வரி கேட்டாள்: "நடக்காததுக்கு எப்படிப்பா நன்றி சொல்றது?"

"கல்யாணம் முடிஞ்சா பத்திரிகை அடிக்கிறோம்? அடிச்சிட்டுத்தான கல்யாணம் பண்றோம்? நம்ம ஊருக்குப் பஸ்ஸு எப்படி வந்துச்சு, யோசிச்சுப் பாரு. மொதல்ல நன்றி போர்டு, பெறகுதான் பஸ்ஸு."

அது உண்மை. எங்கள் பக்கத்தில் இது உதயகுமார் கண்டுபிடித்ததும் இல்லை. தண்ணித்தொட்டி, தெருவிளக்கு, தார்ரோடு எல்லாவற்றுக்கும் நன்றி முதலில் வரும், வேலை பிறகு வரும். கொடுத்த வாக்கை மறக்கிற பெரிய மனிதனைக்கூட, முகத்தைப் பெரிதாகப் போட்டு நடுரோட்டில் நிறுத்திவிட்டால் கொஞ்சம் கூச்சம் வரும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்குப் பல தடவை சரியாகவும் வந்திருக்கிறது. முருகேஸ்வரியும் சரி என்றாள்.

வாசகம் எழுதுகிற வேலை அவளுக்கு வந்தது. கல்யாணமான பிறகு எதையாவது எழுது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கரி படிந்த கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்தி, 'எங்கள் கல்லூரியை எங்கள் மண்ணிலேயே நிலைபெறச் செய்த மக்கள் தொண்டருக்கு எங்கள் இதயம் கனிந்த நன்றி' என்று எழுதினாள். எழுதினதைக் கனகத்திடம் வாசித்துக் காட்டினபோது அவள் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. கீழே மாணவ மாணவிகள் படம் வரிசையாக வேண்டும் என்றான் உதயகுமார். பொங்கலுக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கனகம் எடுத்த போட்டோ முருகேஸ்வரியின் போனில் இருந்தது. அதை அனுப்பிவிட்டாள். கனகத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

போர்டு வந்தது, பெரிய பிளக்ஸ் துணி. பஸ் ஸ்டாப்பில் புளியமரத்தை ஒட்டிச் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினார்கள். எம்.எல்.ஏ. கை கூப்பி வானம் அளவுக்கு நின்றார். அந்தப் பக்கமாக வந்தபோது அவரே காரை நிறுத்தி, இறங்கி, தன் படத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். பொன்னுச்சாமிகூட டி.வி.எஸ்ஸை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம பிள்ளை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நம்ம பிள்ளை நன்றாக இருப்பதை வேறு சிலரும் பார்த்தார்கள். மல்லாங்கிணற்றில் மளிகைக்கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் பரளச்சிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் நின்ற நேரத்தில் அந்த அம்மாள் ஜன்னல் வழியே போர்டைப் பார்த்திருக்கிறாள். மகன் மதன்குமாருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர்கள். விசாரித்து, பழத்தட்டோடு வந்துவிட்டார்கள். பொன்னுச்சாமி உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

"காலேசு இருக்கிறவரைக்கும் படிக்கட்டும்னு வாக்குக் குடுத்துட்டேங்க."

"அது போயிரும்னு சொல்றாகளே?"

"எங்கிட்டுப் போகும்? அதான் போர்டே வச்சாச்சே" என்று பெருமையாகக் கையை நீட்டினார்.

நல்ல மனிதர்கள்தான். காத்திருக்கிறோம் என்று சொல்லிப் பழத்தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் கனகம் தட்டிலிருந்து ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை.

அதற்குப் பிறகு கணக்கு வாத்தியார் வகுப்பில் சொன்ன சேதி வந்தது. வருகிற வருஷம் புதிதாக ஆள் சேர்க்கிற கல்லூரிகளின் பட்டியலில் ஆவாரங்கூரணி இல்லை. படிக்கிற பிள்ளைகளை நாலுவழிச் சாலைக் கல்லூரிக்கு மாற்றப் போகிறார்கள். அன்றையிலிருந்துதான் முருகேஸ்வரி போனில் கட்சிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டசபை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தொகுதியில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர். அனீஸின் சொந்தக்காரர் வழியாகப் பேசி, சபையில் இந்தக் கல்லூரியைப் பற்றிக் கேள்வி கேட்கிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டிருந்தார். நேரில் போய் இரண்டு பேரையும் பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் கிளம்பினார்கள். மூட்டத்தை விட்டுப் போக முருகேஸ்வரிக்கு மனசே இல்லை.

"நீ போத்தா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார் பொன்னுச்சாமி. "புகை நீலமா மாறிருச்சு, உள்ள கட்டை கரியாயிருச்சு; இன்னைக்கே துளைய அடைச்சிருவேன். ஆறுனதும் பிரிக்கிறோம். ஒங்க சங்கம் அந்தத் தகரத்தக் காப்பாத்துமான்னு பாரு."

மெட்ராசில் எம்.எல்.ஏ. ஹாஸ்டல். வராந்தா முழுக்க வேட்டிகள். எங்கள் ஊர் எம்.எல்.ஏ. இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டுக் காப்பி சொன்னார்.

"அதான் முடிஞ்சிருச்சேம்மா. நீங்களே போர்டு வச்சிட்டீங்களே."

"சார், ஆர்டர் வரலை. லிஸ்ட்ல நம்ம காலேஜ் பேரே இல்லைங்கிறாக."

"வரும், வரும்." தன் போனை எடுத்து, போர்டுக்குக் கீழே தான் நிற்கிற படத்தைக் காட்டினார். "இதை மினிஸ்டர்கிட்டக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாரு. உங்க தொகுதியில ஒரு பிரச்சினை தீந்துச்சுன்னாரு."

"தீரலையே சார்" என்றாள் முருகேஸ்வரி.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "நன்றி சொல்லிட்டு, அப்புறம் வந்து நடக்கலைன்னு கேட்டா எப்படிம்மா? எனக்கு அது அசிங்கமில்லையா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் முருகேஸ்வரியைப் பயமுறுத்தியது. அந்தப் படத்தைப் பத்துப் பேரிடம் காட்டிக் காட்டி, வேலை முடிந்துவிட்டது என்று மனுஷன் உண்மையாகவே நம்பிவிட்டார். கட்டிப் போடுவதாக நினைத்து அவரை அவிழ்த்து விட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்துத் தொகுதிக்காரர் அவசரமாக எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் நின்றே பேசினார்.

"எழுதிக் குடுத்திருந்தேன் தம்பி. வாபஸ் வாங்கிட்டேன். நான் எந்திரிச்சுக் கேட்டா அந்த நன்றிப் படத்தைத் தூக்கிக் காட்டுவாங்க. சபையே சிரிக்கும். உங்க ஊரே நன்றி சொல்லிட்டப்போ நான் யாருக்காகக் கேக்கிறது?"

சொல்லிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கனகம் கட்டிக் கொடுத்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தார்கள். அனீஸ் சாப்பிட ஆரம்பித்தான். உதயகுமார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"பஸ்ஸுக்கு வந்துச்சே முருகேசு..." என்றான்.

"சாப்பிடு உதயா."

"நான்தான கெடுத்தேன்?"

"நீ போர்டு வச்ச, நான் எழுதினேன். சாப்பிடு, சோறு வீணாப்போகும்."

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் அந்த வாசகத்தின் மேல் இருந்தது. எவ்வளவு ஆசையாகத் திருத்தித் திருத்தி எழுதினாள்!

திரும்பி ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை வெயில் இல்லை. கிழக்கே வானம் கருத்துக் கிடந்தது. மழைக்காலத்தில் வராத மேகம் வேண்டாத நேரத்தில் வந்திருந்தது. போர்டில் எம்.எல்.ஏ. கை கூப்பிக்கொண்டுதான் இருந்தார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் நேராக மூட்டத்தடிக்குப் போனாள்.

மூட்டத்தைப் பிரித்துக் கரியை வெளியே குவித்திருந்தார்கள். நன்றாக விழுந்திருந்தது. தூர்க்கட்டைக் கரி தட்டினால் கிண்ணென்று சத்தம் கொடுத்தது. கனகம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள். பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை.

"என்ன சொன்னாக மதினி?"

முருகேஸ்வரி சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கனகம் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"நடந்துருச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, நடக்கலைன்னு நீங்களே போய்க் கேட்டா யாரு மதினி நம்புவாக?"

"தப்புத்தான்."

"என் போட்டோவ யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? பஸ்ஸுல போறவன் வாரவனெல்லாம் பாக்கணும்னா குடுத்தீங்க?"

"கனகம்..."

"படிக்கிற பிள்ளைன்னு போட்டீங்க. இப்ப அதைப் பாத்துத்தான் படிப்ப நிறுத்த வாராக."

முருகேஸ்வரி திடுக்கிட்டு மாமனாரைப் பார்த்தாள். பொன்னுச்சாமி சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். கோணூசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மல்லாங்கிணத்துல இருந்து போன் பண்ணாக. லிஸ்ட்ல பேரு இல்லைங்கிறது அவுகளுக்கும் தெரிஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை பேசி முடிக்க வாராக. வரச் சொல்லிட்டேன்."

"காலேசு இன்னும் போகலையே மாமா."

"போர்டைக் காட்டித்தானத்தா அவுகள நிறுத்தி வச்சேன். அந்தப் போர்டே பொய்யின்னா நான் என்னத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது? வாக்குக் குடுத்தவன் நான். பொய்யின் மேல நின்னு வாக்குக் குடுத்த மாதிரில்ல ஆயிப்போச்சு."

அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அதனால் முருகேஸ்வரிக்கு அழுகை வந்தது. கரியைத் தட்டிப் பார்த்த கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி அப்பிக்கொண்டது.

தெற்கே இடி முழங்கியது. பொன்னுச்சாமி ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தார். "தார்ப்பாய் லாரியோட போயிருச்சு. நனைஞ்சா இந்தக் கரிய ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாக. வீட்டுல சாக்கு எதுவும் இருக்கா பாருங்க."

முருகேஸ்வரி சாக்குத் தேடப் போகவில்லை. முள் வெட்டுகிற அரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று கனகத்துக்குக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது. ஓடி வந்து கூடச் சேர்ந்துகொண்டாள்.

டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். முருகேஸ்வரி கடை ஸ்டூலைத் தூக்கிப் போர்டுக்குக் கீழே போட்டு ஏறினாள்.

"ஏத்தா, என்ன செய்யுற?" என்றார் டீக்கடைக்காரர்.

"கரி நனையப் போகுதுண்ணே."

முதல் கயிற்றை அறுத்தபோது உதயகுமார் வண்டியில் வந்து இறங்கினான். அவள் அரிவாளோடு போவதைப் பார்த்து யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள்.

"முருகேசு, வேணாம். கீழ இறங்கு. இத எடுத்தா அவுகளுக்குக் கோவம் வந்துரும். இருக்கிறதும் போயிரும்."

"என்ன இருக்கு உதயா, போறதுக்கு?"

கேட்டுக்கொண்டே கீழ்க் கயிற்றில் அரிவாளை வைத்தாள்.

"நம்ம பேச்சை இந்தப் போர்டு கேக்கவிட மாட்டேங்குது. அசெம்ப்ளியில ஒருத்தரு வாயவே அடைச்சிருச்சு. இது நிக்கிறவரைக்கும் நாம போய் நின்னா நம்மளத்தான் பொய்க்காரிம்பாக. நான் எழுதுனது, நானே இறக்குறேன்."

காற்று கிளம்பிப் புழுதியை வாரி அடித்தது. போர்டின் ஒரு பக்கம் அவிழ்ந்து எம்.எல்.ஏ.யின் முகம் படபடவென்று அடித்துக்கொண்டது. கனகம் கீழ்நுனியைப் பிடித்துத் தொங்கினாள். உதயகுமார் ஒரு நிமிஷம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்துக் கம்பில் ஏறி மறுகயிற்றை அவிழ்த்தான். சுருட்டி இரண்டு பெண்களின் தோளிலும் தூக்கி வைத்துவிட்டு, வெறும் சவுக்குக் கம்புகளைத் தன் போனில் ஒரு படம் எடுத்தான். எம்.எல்.ஏ. ஆட்கள் எல்லாரும் இருக்கிற தொகுதி வாட்ஸ்அப் குழுவில், அவர் போர்டுக்குக் கீழே நின்ற படம் கிடக்கிற அதே இடத்தில், இதைப் போட்டான். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நிரம்ப எழுதியாகிவிட்டது என்று அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அவர்கள் வந்து சேர்வதற்கும் பெரிய பெரிய துளிகள் விழுவதற்கும் சரியாக இருந்தது. பொன்னுச்சாமி அவர்கள் தோளில் வந்த துணியைப் பார்த்தார், அதில் யார் முகம் என்று பார்த்தார். பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கரிக்குவியல் முழுவதையும் அது மூடியது. சுற்றிலும் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் மூட்டத்தடியில் இருந்த சின்னக் காவல் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். எம்.எல்.ஏ. மழையில் மல்லாந்து கிடந்து வானத்தைக் கும்பிட்டார். கரிசல் மண் நனைகிற வாசனையோடு கரி வாசனையும் எழுந்து வந்தது.

மழை விட்டுத் தூறலானபோது முருகேஸ்வரியின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் அவளுக்கு நம்ப முடியவில்லை. அத்தனை நாள் பாட்டுப் பாடின அதே நம்பர்.

"ஏம்மா, ஆவாரங்கூரணிதானே? போர்டை எதுக்கு எடுத்தீங்க?" பி.ஏ.வின் குரல். "குரூப்ல போட்டு அண்ணன் மானத்தை வாங்குறீங்க. எதிர்க்கட்சிக்காரன் எடுத்துப் பரப்பிக்கிட்டிருக்கான். உடனே திரும்பக் கட்டுங்க."

"கட்டுறோம் சார். ஆர்டர் கைக்கு வந்ததும் கட்டுறோம். துணி கிழியல, பத்திரமா இருக்கு."

"எங்க இருக்கு?"

"கரி மேல கெடக்கு சார். மழை பெய்யுது."

யாரோ போனை வாங்குகிற சத்தம். எம்.எல்.ஏ.வே பேசினார். குரலில் அந்த மலர்ச்சி இல்லை.

"ஏம்மா, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"மெட்ராசுக்கே வந்து சொன்னோம் சார். முடிஞ்சிருச்சுன்னீங்க. முடியல சார். எங்க நாத்தனாருக்குப் படிப்பு நிக்கப் போகுது. இவ மாதிரி எத்தனை பிள்ளைகளோ. நடக்கிறதுக்கு முன்னாடி நன்றி சொன்னது எங்க தப்புத்தான். நடத்திக் குடுங்க, இதைவிடப் பெருசாக் கட்டுறோம்."

கோபத்தில் வைத்துவிடுவார் என்றே அவள் நினைத்தாள். கனகம் பக்கத்தில் வந்து போனில் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை காலையில மெட்ராசுக்கு வாங்க. மினிஸ்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா, நடக்கும்னு என்னால இப்பச் சொல்ல முடியாது."

"அதைச் சொன்னதே போதும் சார்" என்றாள் முருகேஸ்வரி. நடக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

போனை வைத்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் கண் தூறலில் இருந்தது.

"மாமா, ஞாயித்துக்கிழமை..."

"வரச் சொன்னவுகள வர வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது."

கனகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரட்டும்" என்றார் பொன்னுச்சாமி. "காப்பி குடிச்சிட்டுப் போகட்டும். பதில மறுநா சாயங்காலம் சொல்றேன்னு சொல்லிக்கிறேன். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாதுத்தா. போறவ வெறுங்கையோட வராத."

முருகேஸ்வரி தலையாட்டினாள். தைரியமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்வதற்கு அவளுக்கு இப்போது பயமாக இருந்தது.

தெற்கேயிருந்து காற்று மறுபடி கிளம்பியது. கரிக்குவியலின் கீழ்ப்பக்கத்தில் போர்டின் ஓரம் கல்லைத் தள்ளிவிட்டுத் தூக்கிக்கொண்டது. கனகம் தூறலுக்குள் ஓடினாள். அந்த ஓரத்தில்தான் பிள்ளைகளின் படம் வரிசையாக இருந்தது. கனகாம்பரம் வைத்துக்கொண்டு தான் சிரிக்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள். சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்ததிலேயே பெரிய கல்லாகப் பார்த்துப் புரட்டி, இரண்டு கையாலும் தூக்கி, தன் முகத்தின் மேலேயே வைத்தாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் இது கல்லுக்குக் கீழயே கெடக்கட்டும் மதினி" என்றாள்.